மொட்டைமாடி வாடகை

இரும்பை மேலே ஏற்றிய அன்று
வீடு ஒருமுறை முனகியது.
மாதம் பதினோராயிரம்.
தங்கச்சிமடத்தில் அந்தப் பணத்துக்கு
ஒரு இன்ஜின் தவணை அடங்கும்.
கையெழுத்துப் போட்டது நான்தான்.

அந்த வாரமே
பக்கத்து வீட்டுக் கொரற்றிக்குத் தலைவலி.

"மண்டைக்குள்ள வண்டு குடையுது எமரிட்டா,
விளக்கணைச்சதும் ஆரம்பிக்குது."
கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குக்கு இழுத்தாள்.
சன்னலில் பிரியாணிப் பொட்டலத் தாளை ஒட்டினாள்;
காலை வெயிலில் அது
என் அடுப்படிக்குள் கண்ணடிக்கும்.
முருங்கை பூவோடு நின்றதும் டவரால்தான்,
அவள் மகன் கணக்கில் தோற்றதும்.
டவர் உச்சியில் காக்கை கூடு கட்டி
மூன்று குஞ்சு பொரித்ததைக் காட்டினேன்.
"காக்காவுக்கென்ன, அது எமனுக்கே மச்சான்" என்றாள்.

மனுக் கொடுக்க ஆள் சேர்த்தாள், வாட்ஸ்அப்பில்.
மறந்துபோய் என்னையும் சேர்த்திருந்தாள்.
நானும் படித்துவிட்டு
விலகாமல் இருந்தேன்.

மனுவுக்குப் பதிலாக முத்துராக்கு வந்தான்,
கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி.
அவள் தலையணை மேல் அரைமணி நேரம் பிடித்திருந்தான்.
"விடலாம்னு சொன்ன அளவு ஒரு அண்டான்னா
இது ஒரு கரண்டிகூட இல்லக்கா."
"ராவும் பகலும் கரண்டி கரண்டியா ஊத்துனா?
பத்து வருஷம் ஊத்துனா?"
கருவியை உறையில் போட்டான்.
"அதைப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.
இதுவரைக்கும் ஒண்ணும் நிரூபணமாகலை."

இதுவரைக்கும் என்பதை அவள் எடுத்துக்கொண்டாள்.
மிச்சத்தை நான்.
ஒரு வாக்கியத்தை மீன் மாதிரி
கூறு போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

ஐப்பசியில் இடி விழுந்தது.
டவர்ப் பெட்டி உள்ளே கருகிப்போனது.
உச்சியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது,
அது என் வீட்டுக் கரண்ட்.
கொரற்றியிடம் வேறு கம்பெனி சிம்,
அவளுக்கு எதுவும் தெரியாது.
ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் நசரேன்
மூன்று முறை கடலுக்குப் போனான்.
திரும்புகையில் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதும்
ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்;
எழுந்து கூடை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.
இப்போது தலையணைக்கடியில்
போன் செத்த கணவாய் மாதிரி கிடந்தது.
நடுச்சாமத்தில் அதிர்ந்தது என்று பாய்ந்தெடுத்தால்
இலங்கைக்கு வரவேற்கிறோம் என்றது.
அக்கரை டவர் என் போனைப் பிடித்திருக்கிறது.
அலைக்கு ரோந்தில்லை, படகுக்கு இருக்கிறது.
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் ராத்திரி
கொரற்றி தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.
"இன்னைக்குத் தாங்க முடியலடி.
ஒரே ஒரு ராத்திரி அணைக்கச் சொல்லேன்."

அண்ணாந்து பார்த்தேன்.
மேலே இருந்தது வெறும் இரும்பு.
சொல்ல வாயெடுத்தேன்.
தைலம் தேய்க்க அவள் நெற்றியில் கை வைத்தபோது
பொட்டுக்குப் பக்கத்தில் நரம்பு
வலையில் விழுந்த சூடை போல் துள்ளியது.
அது நடிப்பில்லை.
சொல்லவில்லை.
நல்லதுக்கா, வாடகைக்கா,
இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

பத்தாம் நாள் சரிபண்ணிவிட்டார்கள்.
அன்று முதல் நான் போனைத்
தலையணைக்கடியில் வைப்பதில்லை.
அரிசி டின் மேல், எட்டடி தள்ளி.
பயமில்லை என்று நசரேனிடம் சொன்னேன்.
பிறகு ஏன் என்றான்.
மீனைக் கழுவினேன்.

நேற்று அசந்து தூங்கிவிட்டேன்.
மூன்று மணி இருக்கும்,
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
உறக்கமில்லாத குரல்:
"எமரிட்டா, ஒன் போன் அடிச்சு நின்னுடுச்சு.
படகு வந்துடுச்சு போல,
எந்திரி."